படத்துக்கும் எங்களுக்கும் நடுவில ஒரு ஆள் வேணும்

இரவு பத்தரைக்கு மேல போனைக் கையில எடுத்து, "இண்டைக்கு என்ன படம் பாக்கலாம்?" எண்டு தேடத் தொடங்குற ஆக்களிட்ட ஒரு கேள்வி. கடைசியா எப்ப ஒரு படத்தை முழுசாப் பாத்து முடிச்சனீங்கள்? அரை மணித்தியாலம் போஸ்டர்களைத் தள்ளித் தள்ளிப் பாக்கிறது. ஒரு படத்தைப் போட்டுப் பத்து நிமிசத்தில நிப்பாட்டுறது. பிறகு ஏதோ ஒரு ரீல்ஸ்ல போய் விழுந்து நித்திரையாகிறது. திருகோணமலையில எனக்குத் தெரிஞ்ச பெடியள், பெட்டையள் கனபேரின்ர இரவு இப்பிடித்தான் போகுது.

படங்களுக்குக் குறைவில்லை. முந்தி ஒரு வருசத்துக்கு எங்கட ஊருக்கு வந்த படங்களை விட, இப்ப ஒரு போனுக்குள்ள ஒரு நாளில கனக்க இருக்கு. குறையிறது வேற ஒன்று. "இதைப் பாருங்கோ, இன்ன காரணத்துக்காகப் பாருங்கோ, நானும் உங்களோட இருந்து பாக்கிறன்" எண்டு சொல்ல ஒரு மனிசக் குரல் இல்லை. அந்தக் குரலை ஒரு வேலையாகவே செய்தவர்களைப் பற்றியும், எங்கட பக்கத்தில அந்த வேலையைச் செய்த ஒருவருக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றியும், அதை இப்ப நாங்கள் ஏன் திரும்பத் தொடங்க வேணும் என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்த வேலை எங்கே பிறந்தது என்று பார்ப்பம். அமெரிக்காவில் 1950களில் பல நகரங்களுக்குச் சொந்தத் தொலைக்காட்சி நிலையம் இருந்தது. இரவு பதினொரு மணிக்குப் பிறகு காட்டுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. 1957 இல் ஸ்கிரீன் ஜெம்ஸ் என்ற நிறுவனம் யுனிவர்சல் ஸ்டூடியோவின் பழைய பேய்ப் படங்கள் 52 ஐ ஒரு கட்டாகக் கட்டி நிலையங்களுக்கு விற்றது. டிராகுலா, பிராங்கன்ஸ்டைன் போன்ற நல்ல படங்களும் அதில் இருந்தன, ஒன்றுக்கும் உதவாதவையும் இருந்தன. சும்மா போட்டால் ஆர் பார்ப்பது? நிலையத்தில் ஏற்கெனவே காலநிலை வாசித்துக் கொண்டிருந்த ஒருவருக்கு வேடம் போட்டு, படத்துக்கு முன்னாலும் இடையிலும் பேசவிட்டார்கள். இரவு நேரப் படத் தொகுப்பாளர் என்ற தொழில் அப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது.

அதற்கும் முன்னால், 1954 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் மைலா நூர்மி என்ற பெண் வம்பைரா என்ற பெயரில் கறுப்பு உடுப்பும் நீண்ட நகமுமாக வந்து இதைத் தொடங்கி வைத்திருந்தார். 1963 இல் கிளீவ்லாண்ட் நகரத்தில் ஏர்னி அண்டர்சன் என்பவர் கூலார்டி என்ற வேடத்தில் வந்தார். ஒட்டுத்தாடி, ஆய்வுகூட வெள்ளைக் கோட்டு, ஒரு பக்கம் கண்ணாடி இல்லாத கறுப்புக் கண்ணாடி. படம் மோசமாக இருந்தால் மோசம் என்று வெளிப்படையாகவே சொல்லுவார். படம் ஓடிக் கொண்டிருக்கும்போதே தன்னுடைய உருவத்தைக் காட்சிக்குள் நுழைத்து, பேய்க்குப் பயந்து ஓடுவதுபோல ஓடுவார். ஸ்டூடியோவுக்குள்ளேயே வெடி கொளுத்துவார். பக்கத்தில் இருக்கிற பார்மா என்ற புறநகரத்தை வாரா வாரம் நக்கலடிப்பார். ஊரில் அணி சேர்த்து, நல்ல காரியங்களுக்குக் காசு சேர்க்கப் பந்து விளையாடப் போவார். நாலு வருசம்கூட நிகழ்ச்சி நடக்கவில்லை. 1966 இல் முடிந்துவிட்டது. ஆனால் கிளீவ்லாண்டில் இப்பவும் அந்தப் பெயருக்கு மதிப்பு இருக்கு. அவருடைய மகன்தான் இயக்குநர் போல் தோமஸ் அண்டர்சன். அவருடைய தயாரிப்பு நிறுவனத்துக்குப் பெயரே கூலார்டி ஃபிலிம் கொம்பனி.

இதில் நான் கவனிக்கிறது வேடத்தை இல்லை. மூன்று விசயங்கள் முக்கியம். ஒன்று, நேரம்: வெள்ளி இரவு என்றால் வெள்ளி இரவுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்த்தார்கள், அடுத்த நாள் அதைப் பற்றியே கதைத்தார்கள். இரண்டு, ஊர்: அந்த நகைச்சுவை கிளீவ்லாண்ட்காரருக்கு மட்டும்தான் முழுசாக விளங்கும். மூன்று, உண்மை: விற்க வந்த பொருளையே பழுது என்று சொல்லுற துணிச்சல் இருந்தபடியால், நல்லது என்று சொன்னபோது சனம் நம்பியது.

எங்களுக்கு இப்பிடி ஒரு ஆள் ஏன் வரவில்லை?

தொலைக்காட்சியே எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது. ஐ.ரி.என் 1979 இல், ரூபவாஹினி 1982 இல். இரண்டிலும் தமிழுக்குக் கிடைத்தது மிச்சம் மீதி நேரம். ரூபவாஹினி தொடங்கி அடுத்த வருசமே 83 யூலை. அதற்குப் பிறகு இந்த ஊரில் "இரவு" என்ற சொல்லுக்கு வேறு கருத்து வந்துவிட்டது. ஊரடங்கு, சுற்றிவளைப்பு, லைட்டை அணைச்சுப்போட்டு இருக்கிறது. இரவு நேரத்தில் சிரித்துக் கொண்டு படம் காட்ட ஒருவர் வருவதற்கான நாடாக இது இருக்கவில்லை.

ஆனால் இரவில் படம் பார்க்கிற ஆசை மட்டும் எங்கட ஆக்களை விட்டுப் போகவில்லை. 80களில் டெக் வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டு விறாந்தையில் ரீவியை வைத்து, விடிய விடிய மூன்று படம் ஓடவிட்ட கதையை உங்கட வீட்டிலயும் ஆரும் சொல்லியிருப்பினம். அந்த டெக்கைக் கொண்டு வருகிற அண்ணை இருப்பார். எந்தப் படம் முதல், எது கடைசி என்று முடிவெடுப்பது அவர்தான். பாட்டை ஓட்டிவிடச் சொன்னால் ஓட்டுவார், சண்டையைத் திருப்பிப் போடச் சொன்னால் போடுவார். "இதில அம்மா சாகிற இடம் ஒண்டு வருது, பிள்ளையளை நித்திரையாக்குங்கோ" எண்டு முன்கூட்டியே சொல்லுவார். சம்பளமில்லாத, வேடமில்லாத இரவு நேரப் படத் தொகுப்பாளர் அவர்தான். அந்த அண்ணைமாரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

எழுதப்பட்ட, எல்லாருக்கும் தெரிஞ்ச ஆள் வேறு. அவர் தொலைக்காட்சியில் இல்லை, வானொலியில் இருந்தார். கே.எஸ். ராஜா.

எங்கட வயசு ஆக்களுக்குப் பெயர் மட்டும் தெரிந்திருக்கும். அம்மம்மாவிட்டக் கேட்டுப் பாருங்கோ. பெயரைச் சொன்ன உடனே குரலை மாற்றி, மூச்சு விடாமல் ஒரு வசனத்தை அவிழ்த்து விடுவா. நாற்பது, ஐம்பது வருசத்துக்குப் பிறகும் ஒரு அறிவிப்பாளரின் வேகத்தைச் சனம் நாக்கில் வைத்திருக்கிறது என்றால் அது சின்ன விசயமில்லை.

அவர் வேலை செய்த இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேணும். இந்தியாவில் 1952 இல் தகவல், ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தார். அந்த வெற்றிடத்தை நிரப்பியது கொழும்பில் இருந்த றேடியோ சிலோன். அமீன் சயானியின் ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி இந்தியா முழுக்கப் பரவியது இங்கேயிருந்துதான். தமிழிலும் அதுதான் நடந்தது. மயில்வாகனனில் தொடங்கி, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத், கே.எஸ். ராஜா என்று ஒரு வரிசையே பாக்கு நீரிணைக்கு இரண்டு பக்கமும் வீட்டு ஆக்கள் மாதிரி ஆனார்கள். இந்தியா 1957 இல் விவித் பாரதியைத் தொடங்கிய பிறகும் தமிழ்நாட்டில் இலங்கை வானொலியைத் தேடித் திருப்பிக் கேட்ட வீடுகள் கனக்க.

ராஜாவின் பெயர் நின்றது திரைவிருந்து போன்ற படவிளம்பர நிகழ்ச்சிகளில். அந்த வேலை எப்படி என்று யோசித்துப் பாருங்கோ. படம் உங்களுக்குத் தெரியாது, ஒலி மட்டும்தான். சில நிமிசம். அதற்குள் ஒரு வசனத் துண்டு, பாட்டில் நாலு வரி, அழுகைச் சத்தம், கதவு அடிபடுற சத்தம். இதுகளுக்கு நடுவில் அறிவிப்பாளர் கதையைத் தொடங்கி, சரியாக முடிச்சு விழுகிற இடத்தில் கேள்வியோடு நிப்பாட்ட வேணும். மிச்சத்தைத் தெரிய வேணுமென்றால் தியேட்டருக்குப் போக வேணும். எங்கே நிப்பாட்டுவது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் அங்கே கலை. இப்ப வருகிற ட்ரெயிலர்களில் முழுக் கதையையும் கொட்டிவிடுகிற ஆக்கள் அதைக் கேட்டுப் படிக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு எதிர்க் கேள்வி வரும். வரவும் வேணும். "அவர் விளம்பரம்தானே செய்தார்? காசு வாங்கி எம்.ஜி.ஆர் படத்தையும் சிவாஜி படத்தையும் விற்ற ஆளை என்னத்துக்குத் தலையில் வைத்து ஆடுறியள்?"

நியாயமான கேள்வி. என்னுடைய பதில் இரண்டு பகுதி.

முதலாவது, அது விளம்பரம் என்று கேட்கிற எல்லாருக்கும் தெரியும். நிகழ்ச்சி வர்த்தக சேவையில் வருகிறது, காசு கொடுப்பது படக்காரர், குரல் கொடுப்பது ராஜா. ஒளிவு மறைவு இல்லை. இன்றைக்கு யூடியூப்பில் "நேர்மையான விமர்சனம்" என்று தலைப்புப் போட்டு வருகிறதில் எது காசுக்கு, எது மனசுக்கு என்று உங்களால் பிரித்துச் சொல்ல ஏலுமா? விளம்பரத்தை விளம்பரம் என்று சொல்லிச் செய்தவர், விமர்சனம் என்று சொல்லி விளம்பரம் செய்கிறவரை விட நேர்மையானவர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது பகுதி கொஞ்சம் கசப்பு. அந்தப் பெரிய குரல்களின் பலம் பெரும்பாலும் கடலுக்கு அந்தப் பக்கம் எடுத்த படங்களுக்குத்தான் போனது. அதே காலத்தில் இங்கே எங்கட படங்களும் வந்து கொண்டிருந்தன. 1972 இல் குத்துவிளக்கு. 1976 இல் கோமாளிகள். 1977 இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த பொன்மணி. 1978 இல் செங்கை ஆழியானின் நாவலை வைத்து எடுத்த வாடைக்காற்று. இதில் கோமாளிகளின் கதையைக் கவனியுங்கோ. கோமாளிகளின் கும்மாளம் என்ற வானொலித் தொடர்தான் அந்தப் படமானது. வானொலியில் கேட்டுப் பழகின குரல்களைப் பார்க்கச் சனம் தியேட்டருக்கு வந்தது. அப்துல் ஹமீதும் அதில் நடித்திருந்தார். எங்கட படத்துக்கும் எங்கட சனத்தைக் கூட்டிக் கொண்டுவர வானொலியால் ஏலும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? ஒரு தரம் நடந்தது வழமையாக மாறவில்லை. ஆர் காசு கொடுக்கிறாரோ அவருடைய படத்தைத்தான் தொகுப்பாளர் கையில் எடுப்பார். அது ராஜாவின் குறை இல்லை, அந்தத் தொழிலின் அமைப்பு. ஆனால் நாங்கள் இனிமேல் ஒன்றைத் தொடங்கினால் இந்தக் குறையோடு தொடங்கத் தேவையில்லை.

இனி, சொல்லாமல் விடக் கூடாத விசயம்.

83 க்குப் பிறகு ராஜா இந்தியாவுக்குப் போனார். பிறகு திரும்பி வந்தார். 1994 இல் கொழும்பில் கொல்லப்பட்டார். "மதுரக்குரல் மன்னன்" என்று சனம் பட்டம் கொடுத்த ஒருவரின் வாழ்க்கை அப்படி முடிந்தது.

பழைய வானொலியைப் பற்றி எழுதுகிற கனபேர் இந்த இடத்தை ஒரு வரியில் கடந்து போவார்கள். "அந்தக் காலம் பொற்காலம்" என்று பெருமூச்சு விட்டு முடிப்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. படத்தைப் பற்றிப் பேசிய ஒரு மனிசனை ஏன் கொல்ல வேண்டி வந்தது என்று கேட்க வேணும். ஒரு குரலைச் சனம் நம்பத் தொடங்கினால், ஆயுதம் வைத்திருக்கிற எல்லாருக்கும் அந்தக் குரல் தேவைப்படும். தங்களுக்காகப் பேச வேணும், இல்லையென்றால் மற்றவனுக்காகப் பேசக் கூடாது. சினிமா அறிவிப்பாளருக்கு அரசியல் வேண்டாம் என்றாலும், அரசியல் அவரைத் தேடி வரும்.

இது ராஜாவோடு நிற்கவுமில்லை. 2005 ஓகஸ்டில், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தமிழ் அறிவிப்பாளராக இருந்த ரேலங்கி செல்வராஜா கணவரோடு கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 சனவரி 2 இல் எங்கட கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று சொல்லப்பட்டபோது, உடம்பில் இருந்த சூட்டுக் காயங்களைப் படம் எடுத்து வெளியில் கொண்டு வந்தவர் சுடர் ஒளி நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24 ஆம் திகதி அவரும் இதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சினிமாவும் செய்தியும் வேறு வேறு வேலை, தெரியும். இந்த மூன்று சாவுக்கும் காரணம் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் மைக்கைப் பிடிக்கிற கையும் கமராவைப் பிடிக்கிற கையும் இந்த நாட்டில் என்ன விலை கொடுத்தது என்று தெரியாமல், "ஒரு ஷோ தொடங்குவம் மச்சான்" என்று விளையாட்டாகக் கிளம்ப ஏலாது. எங்கட வீட்டில் பெரியாக்கள் "உதெல்லாம் உனக்கெதுக்கு, பேசாமல் படி" எண்டு சொல்லுறது பழமைவாதம் இல்லை. அனுபவம். அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுத்துக் கொண்டுதான் நாங்கள் பேசப் பழக வேணும்.

அடுத்தது, மிச்சம் என்ன இருக்கு என்ற கேள்வி. வம்பைராவின் நிகழ்ச்சி நேரடியாக ஒளிபரப்பானது. இப்ப அதில் சில துண்டுகளைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு தொழிலையே தொடங்கி வைத்த பெண்ணின் உழைப்பு காற்றில் போய்விட்டது. ராஜாவின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். இணையத்தில் சில ஒலித்துண்டுகள் சுற்றுகின்றன. அதில் கனக்க, ஆரோ வீட்டில் வானொலிக்குப் பக்கத்தில் ரெக்கோடரை வைத்துப் பதிந்தவை. இடையில் குழந்தை அழும், நாய் குரைக்கும். அந்த ரசிகர்கள் இல்லாவிட்டால் அதுவும் இருந்திராது.

எங்கட ஊரில் இன்னும் கசெட் இருக்கு. அலுமாரிக்கு மேல, சப்பாத்துப் பெட்டிக்குள்ள, நாடாவில பூஞ்சணம் பிடிச்சபடி இருக்கு. கடற்கரை ஊர் இது. உப்புக் காத்து இரும்பையே தின்னுது, காந்த நாடா எத்தனை வருசம் தாக்குப்பிடிக்கும்? 83 இல் எரிஞ்சது, பிறகு இடம்பெயர்ந்தபோது விட்டது, 2004 சுனாமியில் போனது எல்லாம் போக மிஞ்சினதுகள் இதுகள். வீட்டில் இருந்தால் தூக்கி எறியாதையுங்கோ. ஒரு பழைய பிளேயரும் ஒரு லப்டொப்பும் ஒரு வயரும் இருந்தால் போதும், ஒரு மணித்தியாலக் கசெட்டை ஒரு மணித்தியாலத்தில் மாற்றி எடுக்கலாம். அரச வானொலிக் களஞ்சியத்தில் இருக்கிற தமிழ் ஒலிப்பதிவுகளைப் பொதுமக்கள் கேட்கத் திறந்துவிட வேணும் என்று கேட்கவும் எங்களுக்கு உரிமை இருக்கு. அது மக்களின் காசில் பதிந்தது.

திருகோணமலைக்கு இதில் ஒரு வேடிக்கையான தொடர்பும் உண்டு. 80களில் இருந்து ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி எங்கட மாவட்டத்தில், நிலாவெளிப் பக்கம், ஒரு பெரிய அஞ்சல் நிலையம் வைத்திருந்தது. சிற்றலைக் கோபுரங்கள் நிரையாக நிக்கும். ஐரோப்பாவில் பேசுகிற குரலை ஆசியாவுக்கு அனுப்புற வேலை. துறைமுகமும் அதே மாதிரித்தான். ஒல்லாந்தன், பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன் எல்லாரும் இந்த இயற்கைத் துறைமுகத்துக்காக அடிபட்டார்கள். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான்காரன் வந்து குண்டும் போட்டான். பிறகு எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றியும் வெளியில் உள்ளவர்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். எல்லாருடைய சரக்கும் குரலும் எங்கட ஊரால் போகும். எங்கட குரல் மட்டும் வெளியில் போகாது. தொகுப்பாளர் ஒருவர் வேணும் என்று நான் சொல்லுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, என்ன செய்யலாம்?

தொலைக்காட்சி நிலையம் தேவையில்லை. வாரத்தில் ஒரு இரவு, ஒரே நேரம், ஒரு படம், ஒரு ஆள். போனில் நேரலை போதும், மாதத்தில் ஒரு தரம் ஒரு மண்டபத்திலோ வாசிகசாலையிலோ சேர்ந்து பார்க்கலாம். ஆனால் சில ஒழுங்குகள் வேணும் என்று நினைக்கிறன்.

முதல் ஒழுங்கு, நேரம் மாறக் கூடாது. "எப்ப வேணுமெண்டாலும் பாக்கலாம்" எண்டு வைச்ச படத்தை நாங்கள் ஒருநாளும் பாக்கிறதில்லை. எல்லாருக்கும் ஒரே இரவு என்றால்தான் அடுத்த நாள் பஸ் நிலையத்திலும் ரியூசன் வாசலிலும் கதைக்க ஏதும் இருக்கும்.

இரண்டாவது, எங்கட பேச்சில் பேச வேணும். சென்னைத் தமிழை மேல பூசிக் கொண்டு பேசுற நோய் எங்கட எஃப்.எம் எல்லாத்திலயும் இருக்கு. பழைய ஆக்கள் மேடைத் தமிழில் பேசினாலும் அது அவர்களுடைய தமிழாக இருந்தது. திருகோணமலைக்காரர் திருகோணமலைத் தமிழில் ஒரு கொரியப் படத்தை அறிமுகம் செய்தால் அதில் என்ன குறைவு?

மூன்றாவது, இது மூன்று இனமும் இருக்கிற ஊர். தமிழ்ப் படத்தோடு நிக்கக் கூடாது. பிரசன்ன விதானகேயின் புரஹந்த களுவர ஒரு கண் தெரியாத சிங்களத் தகப்பன் போர்க்களத்திலிருந்து வந்த மகனின் சவப்பெட்டியை வைத்துக் கொண்டு படுகிற பாட்டைச் சொல்லுது. அதைப் பார்க்காமலே "அவங்கட படம்" என்று தள்ளி வைத்திருக்கிறோம். பொன்மணியை எடுத்தது ஒரு சிங்கள இயக்குநர் என்பதே எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த மாதிரிப் படங்களைச் சும்மா லிங்க் அனுப்பினால் ஒருவரும் திறக்க மாட்டினம். நம்புற ஒரு ஆள் முன்னால வந்து, ஐந்து நிமிசம் கதைச்சு, "பயப்பிடாமல் வாங்கோ, நானும் இருக்கிறன்" எண்டு கூட்டிக் கொண்டு போக வேணும். தொகுப்பாளரின் உண்மையான வேலை அதுதான்.

நாலாவது, காசு. ஆர் கொடுத்தாலும் அதை முதலிலேயே சொல்லிப்போட வேணும். கொடுத்தவரின் படம் மோசமென்றால் அதையும் சொல்ல வேணும். அதுக்கு ஒத்து வராத காசு எங்களுக்கு வேண்டாம்.

ஐந்தாவது, தொகுப்பாளர் படத்தைத் தின்னக் கூடாது. இது கஷ்டமான ஒழுங்கு. மைக் கிடைத்தவுடன் எல்லாருக்கும் தன்னைப் பற்றிப் பேச ஆசை வரும். கூலார்டி படத்துக்குள் ஓடினது படம் மோசமாக இருந்தபோது. நல்ல படத்துக்கு முன்னால் வாயை மூடத் தெரிந்திருக்க வேணும். எங்கே நிப்பாட்டுவது என்ற ராஜாவின் பாடம் இங்கேயும் பொருந்தும்.

"என்ன பாக்க வேணும் எண்டு எனக்கு ஒருத்தன் சொல்லத் தேவையில்லை, நானே தெரிவு செய்வன்" எண்டு சில பேர் சொல்லுவினம். நல்லம். ஆனால் இப்பவும் நீங்கள் தெரிவு செய்யவில்லை. உங்களுக்கு முன்னால் எந்தப் போஸ்டர் வர வேணும் என்று ஒரு கணிப்புநிரல் ஏற்கெனவே தெரிவு செய்துவிட்டது. அதுக்கு உங்கட ஊர் தெரியாது, உங்கட அம்மம்மாவைத் தெரியாது, நீங்கள் ஏன் சவப்பெட்டி வருகிற காட்சியில் எழும்பி வெளியில் போறனீங்கள் எண்டும் தெரியாது. அதோட நீங்கள் சண்டை பிடிக்கவும் ஏலாது. ஒரு மனிசத் தொகுப்பாளர் பிழையான படத்தைத் தந்தால் அடுத்த நாள் சந்தையில் மறிச்சு வைச்சுப் பேசலாம். அந்த உரிமைக்காகவே எனக்கு மனிசர் வேணும்.

முதல் இரவுக்குப் பொன்மணியைப் போடலாம் என்பது என்னுடைய விருப்பம். உங்களுக்கு வேறு படம் மனசில் இருந்தால் சொல்லுங்கோ, சண்டை பிடிச்சு முடிவெடுப்பம். வேடம் வேண்டாம், ஒட்டுத்தாடி வேண்டாம். வாயில நல்ல தமிழும், பொய் சொல்லாத பழக்கமும், வெள்ளி இரவு ஒன்பதரைக்கு நேரம் பிந்தாமல் வருகிற குணமும் உள்ள ஒரு பெட்டையோ பெடியனோ போதும். வீட்டில் பழைய கசெட் வைத்திருக்கிற அண்ணைமார், அக்காமாரும் வாங்கோ. டெக் ஓட்டின ஆக்கள் ஆரும் இன்னும் ஊரில் இருந்தால், முதல் வரிசையில் கதிரை போட்டு வைப்பம்.